தாலுகா நீதிமன்ற வழக்கறிஞருக்குச் சட்டம் எப்போது போய்ச் சேருகிறது?

2024 ஜூலை 1ஆம் தேதி, 482 என்ற எண்ணின் பொருள் இந்திய நீதிமன்றங்களில் மாறிப்போனது. அதற்கு முந்தைய நாள் வரை அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்த பிரிவு. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோருபவர்கள் அதன் கீழ்தான் மனு போட்டார்கள். அன்றிலிருந்து அதே எண், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) முன்ஜாமீனுக்கான பிரிவு. உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. ஊரே கொலைக்கு அடையாளமாகச் சொல்லிவந்த 302, பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 103 ஆகிவிட்டது. 420 என்பது 318(4) ஆனது, 498ஏ என்பது 85 ஆனது.

எண்களை அருகருகே அச்சிட்டு ஒட்டினால் ஒரு வாரத்தில் பழகிவிடும். எண்ணுக்கு அடியில் நடந்த மாற்றம் அப்படிப் பழகுவதல்ல. கைது, ரிமாண்ட், தனிநபர் புகார், மின்னணுச் சான்று, காசோலை வழக்கு, வணிகத் தாவா, நீதிமன்றக் கட்டணம், தாக்கல் முறை என்று ஒரு சாதாரண வழக்கறிஞரின் அன்றாட வேலை முழுவதிலும் கடந்த சில ஆண்டுகளில் விதிகள் மாறியிருக்கின்றன. அரசிதழில் வெளியான சட்டம் குறித்த நாளில் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்லப்பட்ட உடனே நாடெங்கும் சட்டமாகிறது. ஆனால் தாலுகா தலைமையிடத்தில் உள்ள உரிமையியல் நீதிமன்றத்திலோ குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலோ நிற்கும் வழக்கறிஞரின் கைக்கு அது அன்றே வந்துவிடுவதில்லை. இடையில் விழும் நாட்களுக்கு விலை கொடுப்பவர் கட்சிக்காரர். அந்த இடைவெளியை அடைக்கக்கூடிய, வழக்கறிஞருக்கு மிக அருகில் இருக்கும் அமைப்பு உள்ளூர் வழக்கறிஞர் சங்கம்தான். சங்கத்தின் முதல் வேலை அதுவே என்பதையும், இன்றைக்கு உறுப்பினர் கையில் இருந்தாக வேண்டிய செய்திகள் எவை என்பதையும் இக்கட்டுரை பேசுகிறது.

சங்கங்கள் எதற்காகத் தோன்றின?

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் நிறுவப்பட்டது. மெட்ராஸ் பார் அசோசியேஷன் 1865இல் உருவானது. பாரிஸ்டர்களுக்கு இருந்த மதிப்பும் வசதியும் இந்திய வக்கீல்களுக்கு இல்லாத காலத்தில், வக்கீல்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். இன்றைய சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் சங்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதே தலைமுறையினர் மயிலாப்பூரில் சனிக்கிழமைதோறும் கூடித் தீர்ப்புகளை அலசினார்கள். 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் அந்தக் கூட்டங்களின் விளைவு. உரிமைக்காகக் கூடியவர்களே படிப்பதற்காகவும் கூடினார்கள். இரண்டையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்றைய சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 6ஆம் பிரிவு மாநில பார் கவுன்சிலின் பணிகளைப் பட்டியலிடுகிறது. வழக்கறிஞர்களின் உரிமையைக் காப்பது, நலத்திட்டங்கள் செம்மையாக நடக்க வழக்கறிஞர் சங்கங்களின் வளர்ச்சியை ஊக்குவிப்பது, சட்டக் கருத்தரங்குகள் நடத்துவது, சட்ட இதழ்கள் வெளியிடுவது, ஏழைகளுக்குச் சட்ட உதவி ஏற்பாடு செய்வது ஆகிய எல்லாம் அதில் உண்டு. ஆனால் பதிவு செய்துகொண்ட வழக்கறிஞர் தொடர்ந்து படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. பிலிப்பைன்ஸில் வழக்கறிஞர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 36 மணி நேரக் கட்டாயக் கல்வியை முடித்தாக வேண்டும். இங்கே அகில இந்திய பார் தேர்வை ஒருமுறை எழுதித் தேறினால் போதும், அதன்பின் நாற்பது ஆண்டுகள் யாரும் கேட்பதில்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் சங்கம்தான் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மொழியும் ஒரு காரணம். 1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் சாட்சியப் பதிவுக்கும் தீர்ப்புக்கும் தமிழைக் கொண்டுவந்தது. சாட்சி தமிழில் சொல்கிறார், குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது. ஆனால் அந்த வழக்கின் போக்கை முடிவு செய்யும் மேல் நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில், பல நேரம் நூறு பக்கங்களுக்கு மேல் வருகிறது. மாலையில் அலுவலகத்தில் கட்சிக்காரர்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் பத்து வாய்தாக்களுக்குத் தயாராகும் ஒருவர் அதை முழுதாகப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக அது வந்தால் படிப்பார், மறுநாளே பயன்படுத்துவார்.

ரிமாண்ட் நேரத்தில் கையில் இருக்க வேண்டியவை

குற்றவியல் பக்கத்தில் வழக்கறிஞருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பல நேரம் அது இரவிலோ விடுமுறை நாளிலோ நடுவரின் வீட்டில் நடக்கிறது. அங்கே நிற்கும்போது நூல் தேட நேரம் இருக்காது. ஆகவே நான்கு விஷயங்கள் நினைவில் நிற்க வேண்டும்.

முதலாவது, கைதுக்கான காரணம். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை தெளிவானது. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே எழுத்தில் தர முடியாத சூழலில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதமாகும். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை அந்த இடத்திலேயே எழுப்ப வேண்டும். வாதத்தை ரிமாண்ட் உத்தரவில் பதிவு செய்யுமாறு கேட்க வேண்டும், எழுத்து மனுவாகவும் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஆஜராகக் கோரும் அறிவிப்பு. பழைய 41ஏ அறிவிப்பு இப்போது பி.என்.எஸ்.எஸ். 35(3). இதை வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ அனுப்புவது முறையான சார்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் கூறியது. நீதிமன்ற அழைப்பாணையை மின்னணு வழியில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது என்பதும், காவல்துறையின் இந்த அறிவிப்பு அதிலிருந்து வேறு என்பதும் பலர் குழப்பிக்கொள்ளும் இடம்.

மூன்றாவது, போலீஸ் காவல். பழைய 167இன் கீழ் முதல் 15 நாட்களுக்குள்தான் போலீஸ் காவல் என்பது நெடுநாள் புரிதல். புதிய 187ஆம் பிரிவில் மொத்தம் 15 நாட்கள் என்பது மாறவில்லை. ஆனால் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் அதைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம். இது ஜாமீன் மனுவின் நேரத்தையே மாற்றுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகாத நிலையில் 60ஆம் நாள் அல்லது 90ஆம் நாள் முடிந்ததும் கிடைக்கும் கட்டாய ஜாமீன் உரிமை அப்படியே தொடர்கிறது. அந்த நாளை டைரியில் குறித்து வைப்பது வழக்கறிஞரின் கடமை.

நான்காவது, 479ஆம் பிரிவு. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடப்பட வேண்டும். மற்றவர்களுக்கு இது பாதி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. 2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று 2024 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மனுச் செய்ய வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கு. அவர் செய்யும் வரை வழக்கறிஞர் காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய சட்டம் எங்கே பொருந்தும், புதியது எங்கே பொருந்தும் என்ற கேள்வி தினமும் எழுகிறது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த விசாரணை, மேல்முறையீடு, மனு ஆகியவை பி.என்.எஸ்.எஸ். 531இன்படி பழைய நடைமுறையிலேயே தொடரும். அதற்குப் பிறகு தாக்கலாகும் மனுக்களில் ஐயம் வரும்போது பழைய, புதிய பிரிவுகள் இரண்டையும் தலைப்பிலேயே குறிப்பிட்டுவிடுவது பாதுகாப்பு. தவறான பிரிவு எண்ணுக்காக மனு திருப்பப்பட்டு, அதற்குள் ஒருவர் சிறையில் கூடுதலாக ஒரு வார இறுதியைக் கழிக்க நேர்வது கொடுமை.

புதிய சட்டங்களைத் தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்கள் பலவும் கடுமையாக எதிர்த்தன. மாநில அளவில் திருத்தங்களை ஆராய நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவையும் 2024 ஜூலையில் அரசு அமைத்தது. எதிர்ப்பது உரிமை. எதிர்க்கும் சட்டத்தை வரிவரியாகத் தெரிந்து வைத்திருப்பது அந்த எதிர்ப்புக்கே வலிமை.

ஒரு வாட்ஸ்அப் உரையாடல் சான்றாகும் வழி

மின்னணுச் சான்று இப்போது பெருநகர வழக்குகளுக்கு மட்டும் உரியதல்ல. கடன் வாங்கியவர் “அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்” என்று அனுப்பிய குறுஞ்செய்தி, வாடகைதாரர் அனுப்பிய குரல் பதிவு, கடையின் சிசிடிவி காட்சி, ஜிபே பணப்பரிமாற்றம் இவையெல்லாம் சிறு நீதிமன்றங்களில் அன்றாடம் வருகின்றன. கட்சிக்காரர் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டுகிறார். அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய முயலும்போது எதிர்த்தரப்பு எழுந்து, சான்றிதழ் எங்கே என்று கேட்கிறது.

பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63ஆம் பிரிவு. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தது. கருவியின் உரிமையாளரே அசல் கருவியைக் கொண்டுவந்து சாட்சி சொன்னால் மட்டும் அது தேவையில்லை. அந்த நிலை இன்றும் வழிகாட்டுகிறது. புதிதாக வந்தது சான்றிதழின் வடிவம். சட்டத்தின் இணைப்புப் பட்டியலிலேயே அதற்கு ஏ, பி என இரண்டு பகுதிகள் தரப்பட்டுள்ளன. ஏ பகுதியைக் கருவியைப் பயன்படுத்திய அல்லது அதன் பொறுப்பில் இருந்த தரப்பினர் நிரப்ப வேண்டும். பி பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். கருவியின் வகை, தயாரிப்பு, மாதிரி, நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண் போன்ற விவரங்கள் கேட்கப்படுகின்றன. இரண்டு பகுதிகளிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அது எஸ்எச்ஏ1, எஸ்எச்ஏ256, எம்டி5 அல்லது வேறு எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

ஹாஷ் மதிப்பு கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மதிப்பு முற்றிலும் மாறிவிடும். ஆகவே கட்சிக்காரருக்கு முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியவை சில உண்டு. கைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். உரையாடலில் எதையும் அழிக்காதீர்கள். குரல் பதிவைப் பலருக்கு அனுப்பி, திரும்பி வந்த பிரதியைச் சான்றாகக் கொண்டுவராதீர்கள். தானாக மறையும் செய்தி என்ற அமைப்பு இயங்கினால் உடனே நிறுத்துங்கள். அடுத்து, பிரதி எடுத்த அன்றே ஹாஷ் கணக்கிட்டு, தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். சிசிடிவி காட்சி சில நாட்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும் என்பதால், அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லிக் கடைக்காரருக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் அறிவிப்பு அனுப்பிவிட வேண்டும். தொலைபேசி நிறுவனமோ வங்கியோ சான்றிதழ் தர மறுத்தால், அதைத் தருமாறு உத்தரவிட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்பதையும் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பே சொல்கிறது.

பி பகுதியில் கையெழுத்திடத் தகுதியுள்ள நிபுணரை ஒரு தனி வழக்கறிஞர் ஒவ்வொரு வழக்குக்கும் தேடி அலைவது கடினம். மாவட்டத்தில் கணினித் தடயவியல் பயின்றவர்களை அணுகி, இசைவு பெற்று, சங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தால் நூறு வழக்குகளுக்கு அது பயன்படும்.

காசோலையும் வணிகத் தாவாவும்

மாவட்ட நீதிமன்றங்களின் நிலுவையில் காசோலை வழக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் காலக்கெடுதான் உயிர். வங்கியிலிருந்து காசோலை திரும்பிய தகவல் மார்ச் 3ஆம் தேதி வந்தால், 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 2க்குள், அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு ஏப்ரல் 6இல் சேர்ந்தால் பணம் செலுத்த 15 நாட்கள் ஏப்ரல் 21இல் முடியும். வழக்கு மூலம் ஏப்ரல் 22இல் எழும். புகாரை மே 22க்குள் தாக்கல் செய்ய வேண்டும். 15 நாட்கள் முடியும் முன்பே போட்ட புகார் நிற்காது என்பது 2014இல் யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் தீர்ந்த விஷயம்.

2025 செப்டம்பர் 25இல் சஞ்சாபிஜ் தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளுக்குப் பல புதிய வழிமுறைகளை வகுத்தது. அழைப்பாணையைப் புகார்தாரரே நேரில் சார்பு செய்யவும் மின்னணு வழியில் அனுப்பவும் அது வழி செய்தது. பி.என்.எஸ்.எஸ். 223இன்படி தனிநபர் புகாரில் கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிரியைக் கேட்க வேண்டும். காசோலைப் புகாருக்கு அந்த முன்னறிவிப்பு தேவையில்லை என்று தெளிவாக்கியது. சமரசச் செலவும் குறைந்தது. எதிர்த்தரப்புச் சாட்சியம் தொடங்கும் முன் பணத்தைக் கட்டினால் செலவுத்தொகை இல்லை. அதன்பின் தீர்ப்புக்கு முன் என்றால் 5 சதவீதம், அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ என்றால் 7.5 சதவீதம், உச்ச நீதிமன்றத்தில் 10 சதவீதம். பழைய 10, 15, 20 சதவீதக் கணக்கை நம்பிச் சமரசத்தைத் தள்ளிப்போடும் எதிரிக்கு இந்தச் செய்தி உடனே போய்ச் சேர வேண்டும்.

வணிகத் தாவா என்றதும் பெரிய நிறுவனங்கள்தான் மனதில் வருகின்றன. 2018 திருத்தத்துக்குப் பின் 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சாதாரணச் சரக்குக் கொடுக்கல் வாங்கலே வணிக நீதிமன்றத்துக்குள் வரலாம். அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்கில், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு முயன்றிருக்க வேண்டும் என்ற 12ஏ பிரிவு கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கு முடிவு செய்தது. அதைச் செய்யாமல் போட்ட பிராது நிராகரிக்கப்படும். சமரசத்தில் கழியும் காலம் காலவரையறைக் கணக்கில் சேராது. வணிக வழக்கில் எதிருரை தாக்கலுக்கு 120 நாட்களே எல்லை, சாதாரண உரிமையியல் வழக்கில் உள்ள நெகிழ்வு இதில் இல்லை.

பலர் கவனிக்காத இன்னொன்று, சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்பிய வழக்குகளுக்கு மட்டுமல்ல, தரப்பினர் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்ட வழக்குகளுக்கும் பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றமே எடுத்துச் சென்ற எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. கட்டணம் திரும்ப வரும் என்று தெரிந்த குடும்பம் சமரசத்துக்கு எளிதில் வரும். இதைக் கட்சிக்காரரிடம் சொல்ல வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாக்கலும் மேற்கோளும்

இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. மின்தாக்கல் கட்டாயமாக்கப்படும்போதெல்லாம் தமிழ்நாட்டு வழக்கறிஞர்களிடமிருந்து எழும் எதிர்ப்புக்கு நியாயமான காரணங்கள் உண்டு. இணைய வேகம், ஸ்கேனர், பயிற்சி பெற்ற குமாஸ்தா, மின்னணுக் கையொப்பம் ஆகிய எதுவும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இல்லை. பழைய பத்திரங்களைத் தெளிவாக ஸ்கேன் செய்வதே தனி வேலை. இதற்குச் சங்கம் செய்யக்கூடியது, நீதிமன்ற வளாகத்தின் இ-சேவை மையத்தில் போதிய ஆளும் கருவியும் இருக்கும்படி மாவட்ட நீதிபதியிடம் எழுத்தில் கேட்பதும், சங்க அறையிலேயே ஒரு ஸ்கேனரும் கணினியும் வைப்பதும், மூத்த உறுப்பினர்களுக்கு இளையவர்கள் கைகொடுக்க ஏற்பாடு செய்வதும்தான். காலவரையறையின் கடைசி நாளில் மின்தாக்கலுக்கு உட்காராதீர்கள் என்பது ஒவ்வொரு உறுப்பினருக்கும் சொல்ல வேண்டிய அறிவுரை. தாக்கல் செய்த ஒப்புகையை உடனே பதிவிறக்கி வைப்பதும், 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கட்சிக்காரரின் கையில் எழுதிக் கொடுப்பதும் நல்ல பழக்கம். வாய்தா தேதியைக் கட்சிக்காரர் தானே கைபேசியில் பார்த்துக்கொள்வார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் முன்தீர்ப்பு கேட்கும் பழக்கமும் நீதிமன்றங்களுக்குள் வந்துவிட்டது. அவை இல்லாத தீர்ப்பை உள்ளதுபோலத் தரக்கூடியவை. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றம், இப்படிப் பிறந்த போலி மேற்கோள்களைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு இக்கருவிகள் பற்றித் தனிக் கொள்கையே வகுத்தது. பாதுகாப்பான வழி கைக்கெட்டும் தூரத்தில், இலவசமாகவே இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளம் உண்டு. சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. நடுநிலை மேற்கோள் எண்ணை வைத்து அசலைத் திறந்து, தாம் சொல்லும் பத்தி அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மனுவில் எழுத வேண்டும்.

இளையவர்

சங்கத்தின் நாளைய தலைமுறை பற்றி இரண்டு செய்திகள். 2024 ஜூலை 30இல் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணமாகப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பதிவின்போதே பல ஆயிரங்கள் கேட்கப்பட்ட நிலை ஏழை மாணவருக்கு வாசலிலேயே தடையாக இருந்தது. இதற்கு முன்பாகவே, 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, ஊரகத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது.

சிறு ஊர்களில் பல சீனியர்களுக்கே இந்தத் தொகை சுமை என்பது உண்மை. ஜூனியர் இன்றி அவர்களால் வேலை செய்ய முடிவதில்லை என்பதும் உண்மை. சங்கம் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். முதல் தலைமுறை வழக்கறிஞரும், பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் பெண் வழக்கறிஞரும் இரண்டாம் ஆண்டிலேயே தொழிலைவிட்டுப் போனால், இழப்பு நீதிமன்றத்துக்கும்தான். உச்ச நீதிமன்ற பார் அசோசியேஷனில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்க 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டச் சங்கங்கள் அப்படியொரு உத்தரவு வரும் வரை காத்திராமல் தாமே விதியைத் திருத்திக்கொள்ளலாம்.

உரிமையும் பொறுப்பும்

வழக்கறிஞரின் பாதுகாப்பு பற்றியும் புதிய நிலைகள் வந்துள்ளன. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்துக்காகப் புலனாய்வு அமைப்புகள் வழக்கறிஞரையே அழைப்பதை, 2025 அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு சொல்லும் விதிவிலக்குகளில் ஒன்று பொருந்தினால் மட்டுமே அழைக்கலாம். அதற்கும் காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அழைப்பில் அந்த விதிவிலக்கு குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இப்படி அழைப்பு வந்த உறுப்பினர் தனியே காவல் நிலையம் போகாமல் முதலில் சங்கத்துக்குத் தெரிவிப்பது நல்லது.

வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14இல் டி.கே. காந்தி வழக்கில் தீர்ப்பானது. ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து அது விலக்கல்ல. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. கட்டணப் பாக்கிக்காக கேஸ் கட்டைப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கு சொல்லிவிட்டது. கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு வைப்பதும், வாங்கியதற்கு ரசீது தருவதும் பின்னாளில் வரும் பல புகார்களைத் தடுக்கும்.

புறக்கணிப்பு பற்றியும் திறந்த மனதுடன் பேசியாக வேண்டும். 2002 டிசம்பரில் ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்கு வழக்கறிஞர்களுக்கு உரிமை இல்லை என்றது. நீதித்துறையின் மாண்பும் சுதந்திரமும் பாதிக்கப்படும் மிக அரிதான நிலையில் ஒரு நாளுக்கு மேற்படாத எதிர்ப்பை மட்டும் அது விலக்காகச் சொன்னது. தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பல போராட்டங்களில் சமூகத்துக்காக நின்றிருக்கிறார்கள், அந்த வரலாறு பெருமைக்குரியது. ஆனால் ஜாமீன் மனு வாய்தாவில் இருக்கும் ஒருவரின் தாய், வளாகத்து வேப்பமரத்தடியில் காலையிலிருந்து காத்திருக்கிறார். நீதிபதியைச் சந்தித்து மனு கொடுப்பது, கருப்புப் பட்டை அணிவது, உணவு இடைவேளையில் கூடுவது, உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது ஆகிய வழிகள் எல்லாம் திறந்திருக்கும்போது, அந்தத் தாயின் ஒரு நாளைக் கேட்பதற்கு முன் சங்கம் பலமுறை யோசிக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

இவை எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. மாதம் ஒருமுறை, இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு போதும். அந்த மாதம் வந்த தீர்ப்புகள், விதிகள், சுற்றறிக்கைகளில் உறுப்பினரின் வேலையை மாற்றக்கூடியவை மட்டும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுநிலை மேற்கோள் எண், என்ன மாறியது, நாளை என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று வரி போதும். எழுதும் பொறுப்பை இளையவர்களுக்குக் கொடுத்து, ஒரு மூத்தவர் சரிபார்க்கலாம். எழுதியவரின் பெயர் கீழே வரட்டும். அவர் கற்பதற்கும் அறியப்படுவதற்கும் அதைவிட நல்ல வழி இல்லை. நீதிபதிகளையும் அரசு வழக்கறிஞர்களையும் அழைத்துச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் படிக்கலாம். சேமநல நிதியில் உறுப்பினராகாதவர் யார், நியமனதாரர் பெயரைப் பதியாதவர் யார் என்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கலாம். இறந்த உறுப்பினரின் மனைவி காகிதங்களுக்காக அலையும் நிலை அதனால் குறையும்.

அடுத்த சங்கத் தேர்தலில் வாக்கு கேட்டு வருபவரிடம் ஒவ்வொரு உறுப்பினரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: நாங்கள் நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்குள் மாறிய சட்டம் எங்கள் கைக்கு வர நீங்கள் என்ன ஏற்பாடு செய்வீர்கள்? அதற்குத் தெளிவான பதில் வைத்திருப்பவருக்கு வாக்களியுங்கள்.